உபினைச் சைக்கிளில் சுற்ற: படகு, வாடகை வண்டி, பாதை பற்றிய மதிப்பீடு

ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையில் காரில் போனால் கடலுக்கும் காருக்கும் நடுவே மரங்கள் நிற்கும். சாங்கிப் பக்கம் கரையோரமாகவே போனாலும் வெகுதூரத்துக்கு வேலிதான் துணைக்கு வரும். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தீவைச் சுற்றிவர வேண்டும், கடவுச்சீட்டை எடுக்காமல் அன்று மாலையே வீடு திரும்ப வேண்டும் என்றால் சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள புலாவ் உபின் தீவும் ஒரு வாடகைச் சைக்கிளும் போதும். சிங்கப்பூரில் இதற்கு இணையான ஒரு நாள் பயணம் வேறு இல்லை.

படகுச் சேவைக்கு ஐந்தில் நான்கு தரலாம். தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஈரநிலமான செக் ஜாவாவுக்கு ஐந்துக்கு ஐந்து. சைக்கிள் வாடகைக் கடைகளுக்கு மூன்று. அந்த மூன்றும் நீங்கள் கேட்டுப் பார்த்து நல்ல வண்டியாக எடுத்தால்தான். கடைக்காரர் நீட்டுகிற முதல் வண்டியில் ஏறிப் போகிறவருக்கு இரண்டுகூடத் தேறாது. உபினில் ஒரு நாள் நன்றாக அமைவதும் கெடுவதும் இரண்டைப் பொறுத்தது: எந்த வண்டியை எடுக்கிறீர்கள், கடல் வற்றும் நேரத்துக்கு எங்கே இருக்கிறீர்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். உபின் சுமார் 10 சதுர கிலோமீட்டர். 'தீவைச் சுற்றி' என்றதும் கரையை ஒட்டியே ஒரு வளையச் சாலை இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அப்படி ஒன்று இல்லை. சாலைகள் உள்ளே காட்டுக்கும் பழைய கல்குவாரிகளுக்கும் நடுவே ஓடும். கிளைப் பாதை முடிகிற இடத்தில்தான் கடல் வந்து காலடியில் நிற்கும். போய்த் திரும்பி, அடுத்த கிளையில் போய்த் திரும்பி என்று மொத்தம் 15 கி.மீ. அளவுதான் மிதிக்க வேண்டியிருக்கும். தூரம் பயமுறுத்தாது. ஏற்ற இறக்கமும் சரளைக்கல்லும்தான் ஆளைச் சோதிக்கும்.

உபினுக்குப் படகு கிளம்பும் சாங்கி வில்லேஜுக்கு 2, 29, 59, 109 எண் பேருந்துகள் வருகின்றன. பேருந்து நிலையத்திலிருந்து சாங்கி முனைப் படகுத்துறை நடக்கிற தூரம்தான். படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிளுக்கு 2 வெள்ளி. ஆள் சேரவில்லை, காத்திருக்கவும் மனமில்லை என்றால் 12 பேருக்கான 48 வெள்ளியையும் நீங்களே கொடுத்துக் கிளம்பலாம். வார இறுதிக் காலையில் அதற்கு அவசியமே வராது. வார நாளில் பிற்பகலில் போனால் அரை மணி நேரம் உட்கார நேரிடலாம். ரொக்கம் கையில் இருக்கட்டும்: படகுக்கு 2 வெள்ளி, 10 வெள்ளித் தாள்களாக. தீவில் ஏடிஎம் கிடையாது.

படகுத்துறையிலிருந்து இடப்பக்கம் நடந்தால் ஊர் வந்துவிடும். வாடகைக் கடைகள் எல்லாம் அங்கேதான், ஒன்றையொன்று ஒட்டி. பழைய சாதாரண வண்டி 10 வெள்ளியை ஒட்டிக் கிடைக்கும். கியரும் முன்பக்க ஸ்பிரிங்கும் உள்ள நல்ல வண்டி 15 முதல் 20 வெள்ளி வரை. கடைக்குக் கடை, நாளுக்கு நாள் மாறும். பெரும்பாலும் நாள் முழுவதற்கும் ஒரே கட்டணம் என்பதால் மணியைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை. இதில் 5 வெள்ளியை மிச்சம் பிடிப்பது பெரிய தவறு. உபினின் கடற்காற்றில் கேபிள்கள் துருவேறும். மணலும் செம்மண்ணும் பிரேக் கட்டைகளைத் தேய்க்கும். பகல் முழுக்க வெயிலில் நிற்கும் டயர்களின் ரப்பர் வெடிக்கும். மலிவான வண்டிகளில் இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் பிரேக். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். முன்சக்கரம் உருளாமல் நின்று, பின்சக்கரம் லேசாகத் தரையைவிட்டு எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்துகொண்டு வர வேண்டும். கைப்பிடியை முழுக்க அழுத்தும்போது அது ஹேண்டில் கம்பியைத் தொட்டுவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கடைக்காரரிடம் காட்டினால் கேபிள் நுனியில் உள்ள திருகைச் சுற்றி ஒரு நிமிடத்தில் இறுக்கித் தருவார். கட்டையே தேய்ந்து உலோகம் தெரிந்தால் இறுக்கிப் பயனில்லை, வேறு வண்டி கேளுங்கள்.

அடுத்தது டயர். கட்டைவிரலால் அழுத்தினால் பெரிதாக உள்ளே போகக்கூடாது. கல்லாகவும் இருக்கக்கூடாது: காற்று மிக அதிகமாக இருந்தால் சரளையில் வண்டி துள்ளும், பிடிப்பு குறையும். பக்கவாட்டு ரப்பரில் வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். செயினைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பசை கையில் ஒட்டினால் நல்லது, செந்தூள் ஒட்டினால் வேண்டாம். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றியபடி கியரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஏற்றத்துக்குத் தேவையான இலகு கியரில், அதாவது பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில், செயின் ஏறி நிற்கிறதா என்பதுதான் முக்கியம். மற்ற கியர்கள் ஒன்றிரண்டு வேலை செய்யாவிட்டாலும் சமாளிக்கலாம்.

சீட்டு உயரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. முழங்கால் வலியுடன் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் வரும், அப்போது முழங்கால் அளவாக மடங்கும். சீட்டை இறுக்கும் நெம்புகோல் நன்றாக மூடியிருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். பாதி வழியில் சீட்டு இறங்கிக்கொண்டே வருவது உபினில் சாதாரணமாக நடப்பது. கடைசியாக, கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டி, வேகமாக வந்து நிறுத்திப் பாருங்கள். பூட்டும் தலைக்கவசமும் கேட்டு வாங்குங்கள். கடையின் தொலைபேசி எண்ணும் வண்டியின் எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது எந்தக் கடை, எந்த வண்டி என்ற குழப்பம் வராது.

இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் பார்க்க ஆசையாக இருக்கும். தட்டையான ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு அது சரி. உபினின் இறக்கங்களில் இரண்டு பேர் எடையை அந்த பிரேக்குகள் தாங்கும் என்று நம்ப முடியாது. சிறு பிள்ளைகளை இருக்கை பொருத்திய வண்டியில் ஏற்றுவதானால் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது அதிகம் நடக்கும் கோளாறு செயின் கழல்வது. ஏற்றத்தின் நடுவில், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றுவதால் வருவது அது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இலகு கியருக்குப் போய்விடுங்கள். கழன்றுவிட்டால், கியர் மாற்றியின் கீழ்க்கையை முன்னால் தள்ளித் தளர்வு கொடுத்து, செயினைப் பல்சக்கரத்தின் கீழ்ப்பக்கம் மாட்டி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் ஏறிவிடும். ஒரு துண்டுக் காகிதம் பையில் இருந்தால் கறையோடு கைப்பேசியைத் தொட வேண்டியிருக்காது. இறக்கத்தில் சரளை கிடந்தால் முன் பிரேக்கை மட்டும் இறுக்காதீர்கள். சக்கரம் வழுக்கி ஆள் முன்னே விழுவது அப்படித்தான். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அழுத்தி விட்டு, உடம்பைப் பின்னே சாய்த்து இறங்குங்கள். மழை பெய்து முடிந்த அரை மணி நேரத்துக்கு பிரேக் பிடிக்க இரு மடங்கு தூரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

இனி வழி. பெரும்பாலோர் எதிர்ப்படும் பாதையில் போய், செக் ஜாவாவுக்கு உச்சி வெயிலில், கடல் நிறைந்திருக்கும் நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். 'வெறும் தண்ணீர்தானே' என்று சொல்லித் திரும்புகிறார்கள். செக் ஜாவாவின் செல்வம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தில்தான் அது வெளியே வரும். இணையத்தில் சிங்கப்பூருக்கான கடல் நீர்மட்ட அட்டவணை கிடைக்கும், போகும் நாளுக்கு அதைப் பாருங்கள். கடல் ஒரு நாளில் இரண்டு முறை வற்றும், அந்த நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அவற்றை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும். ஆனால் செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 வரைதான் திறந்திருக்கும். இரவில் வற்றுகிற நாளாக இருந்தால் பயனில்லை. ஆகவே நாளையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

படகுத்துறையிலிருந்து செக் ஜாவா ஏறத்தாழ 3 கி.மீ. கிழக்கே. முதல் பகுதி தார்ச்சாலை, கடைசிப் பகுதி சரளை. அதில் ஒரு சரிவு செங்குத்தாக இருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நுழைவாயிலில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். உள்ளே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கடல்மேல் 600 மீட்டர், அலையாத்திக் காட்டுக்குள் 500 மீட்டர் என்று மரப்பாலப் பாதை இரண்டு பகுதிகளாகப் போகிறது. நீர் வற்றியிருந்தால் கடற்புல் படுகையும், கம்பளம்போல் விரிந்த கடற்சாமந்திகளும், ஒற்றைக் கை பெருத்த நண்டுகளும் பாலத்தின் மேல் நின்றபடியே தெரியும். குனிந்து ஓரிடத்தையே ஐந்து நிமிடம் பாருங்கள். அசையாத மண் என்று நினைத்தது அசையத் தொடங்கும். 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் ஏறினால் காட்டின் தலைப்பகுதிக்கு மேலே நிற்கலாம். 1930களில், டியூடர் என்ற பழைய ஆங்கிலேயப் பாணியில் கட்டப்பட்ட வீடு ஒன்றும் அங்கே உண்டு. இந்த வெப்பத்திலும் அதற்குள் ஒரு கணப்படுப்பு இருக்கிறது.

இந்தக் கரை இன்று இருப்பதே பெரிய பேறு. இங்கே கடலை மூடி நிலமாக்கும் திட்டம் இருந்தது. தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் இங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்துக் காட்டியபின், 2001 இறுதியில் அது ஒத்திவைக்கப்பட்டது. மரப்பாலம் 2007இல் திறக்கப்பட்டது. பாலத்தின் சில பகுதிகளைப் பழுதுபார்ப்புக்காக மூடுவதுண்டு என்பதால், கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மாமாம் கடற்கரை. செக் ஜாவா அளவுக்குக் கூட்டம் வராது. எதிரே மலேசியாவின் ஜோகூர் கரை தெரியும். நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்க இதைவிட நல்ல இடம் தீவில் இல்லை. ஆனால் சாப்பிடும்போது முதுகுப் பக்கத்தைக் கவனியுங்கள்: நீளவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சலசலப்பைக் கேட்டே வந்துவிடும். சோற்றை டப்பாவில் வைத்து, டப்பாவைத் துணிப்பைக்குள் போட்டு, பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். சைக்கிள் கூடையில் வைத்தால் அது குரங்குக்குத்தான். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் வெயிலைத் தாங்கும். தயிர்சோறு மதியத்துக்குள் புளித்துவிடும். காட்டுப்பன்றிகள் சாலையைக் கடந்தால் நின்று வழிவிடுங்கள், குட்டிகளோடு இருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறை பிடிபடுபவருக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் உண்டு.

மேற்குப் பகுதி வேறு உலகம். உபின் என்ற பெயரே தரை ஓட்டைக் குறிக்கும் 'ஜுபின்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கருங்கல் வெட்டி எடுத்த தீவு இது. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும் ஜோகூர்க் கடற்பாலமும் இந்தக் கல்லை வாங்கி எழுந்தவை. வெட்டிய பள்ளங்களில் இன்று மழைநீர் நிற்கிறது. ஊருக்கு அருகே உள்ள பெக்கான் குவாரியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. காலை 9 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பிறகோ போனால் நிறையப் பார்க்கலாம். மரங்களின் மேலே அலறல்போலக் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலும் இருவாச்சிதான். வெகுகாலம் காணாமல் இருந்த அந்தப் பறவை 1994இல் உபினில்தான் மீண்டும் கண்ணில் பட்டது.

புவாக்கா குன்று 75 மீட்டர். தீவின் உச்சி அதுதான். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்தே ஏற வேண்டும். மழை பெய்த நாளில் தவிர்த்துவிடுங்கள்.

கெத்தாம் குவாரிப் பக்கம் ஜெர்மன் பெண்ணின் கோயில் என்று ஒரு சிறிய மஞ்சள் கட்டடம் இருக்கிறது. முதல் உலகப் போர் தொடங்கியபோது, காப்பித் தோட்டத்தில் இருந்த ஜெர்மன் குடும்பத்தைப் பிடிக்க பிரிட்டிஷ் படையினர் வந்தார்கள், தப்பி ஓடிய மகள் பாறையிலிருந்து விழுந்து இறந்தாள் என்பது தீவில் வழங்கும் கதை. அவளுக்கு வாசனைத் திரவியமும் முகப்பூச்சும் சீப்பும் கண்ணாடியும் படைக்கிறார்கள். பீடத்தில் இருப்பது ஒரு பொம்மை. கன்னியாக இறந்த பெண்ணைத் தெய்வமாக்கி வளையலும் கண்மையும் வைத்துக் கும்பிடும் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, பொருட்களைத் தொடாமல் பார்த்து வாருங்கள்.

அதே பக்கம் 45 ஹெக்டரில் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா. வாடகை வண்டியோடு அதற்குள் போக நான் பரிந்துரைக்க மாட்டேன். கருப்பு வைரக் குறியிட்ட தடங்கள் பயிற்சி உள்ளவர்களுக்கும், முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் வண்டிகளுக்கும் போடப்பட்டவை. அவற்றைவிட எளிதான நீலச் சதுரத் தடங்களைச் சொந்த வண்டியில், தலைக்கவசத்தோடு முயலலாம்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். இதில் குறைக்க வேண்டாம். தீவில் வீடுகளுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், மின்சாரம் பெரும்பாலும் டீசல் இயந்திரத்தில்தான். ஊர்ப் பகுதியைத் தாண்டிவிட்டால் வாங்கிக் குடிக்க இடம் அரிது. வழியில் இளநீர்க் கடை திறந்திருந்தால் அதிர்ஷ்டம். கொசு மருந்தை கணுக்காலுக்கும் தடவுங்கள். செருப்பில் வராதீர்கள், பெடலில் வழுக்கும்.

கைப்பேசி பற்றி ஒன்று. வடக்குக் கரையில் உங்கள் கைப்பேசி தானாகவே மலேசியக் கட்டமைப்புக்குத் தாவும். வெளிநாட்டு இணையக் கட்டணம் ஏறிவிடும். படகில் ஏறும்போதே தரவு ரோமிங்கை அணைத்துவிட்டு, கட்டமைப்பை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். தீவின் வரைபடத்தைச் சாங்கியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வருவது வழக்கம். மரப்பாலத்தின் மேலோ கோபுரத்திலோ இருக்கும்போது இடி கேட்டால் உடனே இறங்கி, கூரை உள்ள இடத்துக்குப் போங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்கப் பெய்யக்கூடும். அந்த மாதங்களில் கிளம்புமுன் வானிலையைப் பாருங்கள். மற்றபடி காலை 8 மணிப் படகைப் பிடித்தால் வெயில் ஏறும் முன் பாதித் தீவைப் பார்த்துவிடலாம்.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் சைக்கிளை நினைத்துத் தயங்க வேண்டாம். ஊரில் வேன் கிடைக்கும். ஏறுமுன் கட்டணத்தையும் எத்தனை மணி நேரம் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். பெற்றோர் வேனில், பிள்ளைகள் சைக்கிளில் என்று பிரிந்து போய் செக் ஜாவா வாசலில் சேர்ந்துகொள்ளலாம்.

சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வண்டிக்குப் போக வர 4 வெள்ளிதான், வாடகையைவிட மலிவு. பிரேக் எப்படி இருக்கும் என்பதும் உங்களுக்கே தெரியும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்தே ஓட்டி வரலாம்: மரின் பரேட் பக்கமிருந்து 20 கி.மீ.க்குச் சற்று மேல். பிடோக் படகுத்துறை வரை நிழலும் காற்றும் இருக்கும். தானா மேரா கரையோரச் சாலையை ஒட்டிய நீண்ட பகுதியில் இரண்டும் இருக்காது, தண்ணீரும் கிடைக்காது. அதைக் காலை 9 மணிக்கு முன் கடந்துவிடுங்கள். நடப்பவர்களும் சைக்கிள்களும் பகிரும் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. படகில் ஏற்றும்போது கியர் மாற்றி இருக்கும் வலப்பக்கம் மற்ற வண்டிகளின் மேல் படாமல் வையுங்கள். வளைந்துவிட்டால் தீவில் சரிசெய்வது கடினம். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்பு ஓர் இரவிலேயே வேலையைக் காட்டிவிடும்.

வாடகை வண்டியை மாலை 5 மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. கடைகள் 6 மணியை ஒட்டி மூடத் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் படகுக்கு வரிசையும் நீளும். சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடைகள் முன்னால் அந்த நேரத்தில் கூட்டம் இருக்கும். ஒருவர் மேசை பிடிக்க, ஒருவர் வரிசையில் நிற்க என்று பிரிந்துகொள்ளுங்கள்.